ஆற்றைக் காக்கும் வரம்பு

வயலுக்கு வரம்பு உண்டு. உழவன் அதனை மண்ணால் கட்டி, நீரை உள்ளே நிறுத்துகிறான். ஆற்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மண்ணாலும் கல்லாலும் ஆகியதும் அன்று. அஃது ஓர் எண்ணால் கட்டிய வரம்பு. நகரத்தின் கழிவுநீர் ஆற்றில் கலக்கும் குழாய் வாயில், “இந்நீரில் இவ்வளவுக்கு மேல் அழுக்கு இருத்தல் ஆகாது” என்று சட்டம் குறித்து வைக்கும் அளவே அவ்வரம்பு. அந்த எண் எவ்வாறு பிறந்தது, அதனைக் காப்பவர் யாவர், அதனைக் காப்பதில் உள்ள இடர்கள் யாவை என்பன ஒவ்வொரு குடிமகனும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாகும்.

ஒரு நகரம் நாள்தோறும் பயன்படுத்தும் நீரிற் பெரும்பகுதி, அழுக்காகி மீண்டும் வெளியே செல்கிறது. குளித்த நீர், துணி துவைத்த நீர், பாத்திரம் கழுவிய நீர், கழிப்பறை நீர் ஆகிய யாவும் நிலத்தடிக் குழாய்களின் வழியே ஒன்றுகூடி ஓடுகின்றன. வீட்டை விட்டு நீங்கியதும் வீட்டார் அந்நீரை மறந்துவிடுகின்றனர். ஆயினும் நீர் மறைந்துபோவதில்லை. அது செல்லும் வழியில் வேறோர் ஊர் இருக்கிறது. மேலூரின் கழிவு கீழூரின் குடத்தை நோக்கியே ஓடுகிறது.

ஓடும் ஆற்றுக்குத் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் இயல்பு உண்டு. நீரில் வாழும் பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்கள் அழுக்கை உணவாகக் கொண்டு அதனைச் சிதைக்கின்றன. அதற்கு அவற்றுக்குப் பிராணவாயுவாகிய ஆக்ஸிஜன் வேண்டும். மீன்களும் அதே ஆக்ஸிஜனை நம்பியே உயிர் வாழ்கின்றன. ஆனால் நீரில் கரைந்து நிற்கும் ஆக்ஸிஜன் மிகச் சிறிது. 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள தூய நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனே அடங்கும். நகரத்துக் கழிவுநீர் ஒரு லிட்டரிலுள்ள அழுக்கைச் சிதைப்பதற்கோ, ஐந்து நாளில் 200 மில்லிகிராம் ஆக்ஸிஜனும் அதற்கு மேலும் தேவைப்படலாம். எனவே ஒரு லிட்டர் கழிவுநீர், 22 லிட்டர் தூய நீரில் உள்ள ஆக்ஸிஜன் முழுவதையும் தீர்த்துவிட வல்லது. ஆறு காற்றிலிருந்து புதிய ஆக்ஸிஜனைப் பெற்றுக்கொண்டேயிருக்கும். ஆயினும் வரவினும் செலவு மிகுந்தால் எந்தச் செல்வமும் நிலைப்பதில்லை. இருப்புத் தீர்ந்ததும் மீன்கள் இறக்கும், ஆக்ஸிஜன் இன்றி வாழும் வேறு நுண்ணுயிர்கள் பெருகும், நீர் கறுக்கும், அழுகிய முட்டையின் நாற்றம் எழும். ஓர் ஆறு சாவது இவ்வாறுதான்.

அங்ஙனமாயின், ஓர் ஆறு எவ்வளவு கழிவைத் தாங்கும்? இக்கேள்விக்கு விடை காண மனிதருக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றின் முற்பகுதி இங்கிலாந்து நாட்டில், இலண்டன் நகரத்தின் நடுவே ஓடும் தேம்ஸ் ஆற்றில் நிகழ்ந்தது.

1855ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நாள், மின்சார ஆராய்ச்சியால் புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே என்னும் அறிவியலறிஞர் தேம்ஸ் ஆற்றில் நீராவிப் படகொன்றில் சென்றார். ஆற்று நீர் பழுப்பு நிறமாய்க் கலங்கி நாறியது. அவர் வெள்ளைக் காகித அட்டைகளைத் துண்டு துண்டாகக் கிழித்தார். அவை எளிதில் அமிழுமாறு நீரில் நனைத்தார். படகு நின்ற துறைதோறும் சிலவற்றை ஆற்றில் விட்டார். வெயில் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. எனினும் ஓர் அங்குல ஆழம் செல்வதற்குள் அத்துண்டுகள் கண்ணுக்குத் தோன்றாமல் மறைந்தன. இச்செய்தியை அவர் ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதமாக எழுதினார். ஆறு நாறுகிறது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தனர். ஃபாரடே அதனை அளந்து காட்டினார். கையில் இருந்த சிறு காகிதத்துண்டே அவருக்கு அளவுகோலாயிற்று.

அவ்வெச்சரிக்கையைக் கேட்பார் இல்லை. மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1858ஆம் ஆண்டுக் கோடையில் வெப்பம் மிகுந்தது. தேம்ஸின் நாற்றம் பொறுக்க முடியாததாயிற்று. ஆற்றங்கரையில் உள்ள பாராளுமன்றக் கட்டடத்தில் சுண்ணாம்புக் குளோரைடு கலந்த நீரில் திரைகளை நனைத்துத் தொங்கவிட்டனர். அதனாலும் பயன் விளையவில்லை. ஏழைகளின் குடிசைகளில் பன்னாள் வீசிய நாற்றம் சட்டம் இயற்றுவோரின் மூக்கையும் எட்டியபின், சில வாரங்களுக்குள் சட்டம் நிறைவேறியது. ஜோசப் பாஸல்கெட் என்னும் பொறியியலறிஞர் ஆற்றின் இரு கரைகளை ஒட்டியும் பெருங்கால்வாய்களை அமைத்தார். நகரத்தின் கழிவுநீர் அவற்றின் வழியே கிழக்கே பெக்டன், கிராஸ்னெஸ் ஆகிய இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஆற்றில் விடப்பட்டது. நகர மக்கள் பெரும்பயன் எய்தினர். 1866ஆம் ஆண்டுக்குப் பின்னர் இலண்டனில் காலரா கொள்ளைநோயாகப் பரவவில்லை.

எனினும் கழிவு இடம் மாறியதேயன்றித் தூய்மை பெறவில்லை. 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் மாலை, ‘இளவரசி ஆலிஸ்’ என்னும் உல்லாசப் பயணக் கப்பல், அக்கழிவுநீர் வாயில்களுக்கு அருகே மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிறிது நேரத்திற்கு முன்னரேதான் அவ்விடத்தில் கழிவுநீர் திறந்துவிடப்பட்டிருந்தது. நீந்தத் தெரிந்தோரும் அந்த நஞ்சில் மூச்சுத் திணறினர் என்று அக்காலத்தவர் கூறினர். தன் ஊருக்கு அப்பால் தள்ளிவிட்டால் கழிவு தீர்ந்துவிடும் என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை நாடு அன்று உணர்ந்தது.

கழிவுநீரைத் தூய்மை செய்தே ஆற்றில் விடவேண்டும் என்பது தெளிவாயிற்று. அதன்பின் வேறொரு வினா எழுந்தது. எவ்வளவு தூய்மை செய்தால் போதும்? குடிநீரைப் போன்று ஆக்குவதென்றால் எந்த நகராட்சியாலும் அச்செலவைத் தாங்க இயலாது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினால் போதும் என்று விட்டாலோ, தெளிந்த நீரிலும் கரைந்த அழுக்கு மறைந்திருக்கும். இதனை ஆராய்வதற்காக 1898ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் அரசுக் குழு அமைக்கப்பட்டது. அது 1915ஆம் ஆண்டுவரை உழைத்துப் பல அறிக்கைகளை வெளியிட்டது. 1912ஆம் ஆண்டில் வெளிவந்த எட்டாம் அறிக்கையிலேதான் ஆற்றைக் காக்கும் வரம்பு எண்ணாக வடிவம் பெற்றது.

அக்குழுவினர் இரண்டு அளவுகளைத் தேர்ந்தனர். ஒன்று, நீரில் கலங்கி நிற்கும் திண்மத் துகள்களின் எடை. மற்றொன்று, நீரிலுள்ள அழுக்கைச் சிதைப்பதற்கு நுண்ணுயிர்கள் ஐந்து நாளில் உட்கொள்ளும் ஆக்ஸிஜனின் எடை. இது பின்னாளில் ‘உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை’ என்று பெயர் பெற்றது. அழுக்கில் ஆயிரம் பொருள்கள் இருக்கலாம். அவற்றைத் தனித்தனியே எண்ணுவது அரிது. அவை யாவும் சேர்ந்து ஆற்றிலிருந்து பறிக்கும் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று கண்டால், ஆற்றுக்கு நேரும் கேடு எவ்வளவு என்பது ஒரே எண்ணில் விளங்கிவிடும். தூய்மை செய்த கழிவுநீர் ஒரு லிட்டரில் திண்மத் துகள்கள் 30 மில்லிகிராமுக்கும், ஆக்ஸிஜன் தேவை 20 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்று குழு வகுத்தது.

இந்த 20 என்னும் எண் மனம்போன போக்கில் எழுதியது அன்று. அதற்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல நிலையிலுள்ள ஆற்று நீரின் ஆக்ஸிஜன் தேவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று குழுவினர் கொண்டனர். அது 4 மில்லிகிராமுக்கு மேற்போனால் ஆறு கெடத் தொடங்கும் என்றும் கண்டனர். இனி, 8 லிட்டர் ஆற்று நீரில் ஒரு லிட்டர் கழிவுநீர் கலப்பதாகக் கொள்க. ஆற்று நீரின் தேவை 8 × 2 = 16 மில்லிகிராம். கழிவுநீரின் தேவை 20 மில்லிகிராம். இரண்டும் சேர்ந்து 36 மில்லிகிராம். கலவை 9 லிட்டர். ஆகவே லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆகிறது. ஆறு தாங்கக்கூடிய எல்லையும் அதுவே. இதனாலேதான், ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நீரேனும் ஓடும் இடத்துக்கே இவ்வளவு பொருந்தும் என்று குழு வரையறுத்தது. ஆறு சிறுத்தால் வரம்பும் இறுகவேண்டும் என்பது இக்கணக்கின் உட்பொருள்.

வரம்பு வகுத்தாயிற்று; அதனை எட்டும் வழி யாது? அவ்வழியைக் கண்டவர்கள் மான்செஸ்டர் நகரத்து டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் பணியாற்றிய எட்வர்டு ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவராவர். அவர்கள் பாட்டில்களில் கழிவுநீரை நிரப்பி, அதனுள் இடைவிடாது காற்றைச் செலுத்தினர். நீர் முற்றும் தூய்மையடைய ஏறத்தாழ ஐந்து வாரங்கள் சென்றன. பாட்டிலின் அடியில் பழுப்பு நிறக் கசடு படிந்தது. வேறொருவர் அதனைக் கொட்டிக் கழுவியிருப்பார். அவர்களோ தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அக்கசட்டை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய கழிவுநீரை அதன்மேல் ஊற்றினர். மீண்டும் காற்றைச் செலுத்தினர். இம்முறை காலம் குறைந்தது. இவ்வாறு செய்யச் செய்யக் கசடு பெருகியது. காலம் மேலும் சுருங்கியது. முடிவில் ஒரு நாளுக்குள்ளேயே நீர் தூய்மையடைந்தது. கசடு என்று கருதப்பட்டது கோடானுகோடி நுண்ணுயிர்களின் கூட்டமாகும். ஆறு பல கல் தொலைவு ஓடிச் செய்யும் வேலையை, அக்கூட்டம் ஒரு தொட்டிக்குள் சில மணி நேரத்தில் செய்து முடிக்கும். 1914ஆம் ஆண்டில் இருவரும் இம்முறையை அறிஞர் அவையில் வெளியிட்டு, அதற்கு ‘உயிர்ப்பூட்டிய கசடு’ என்று பொருள்படும் பெயரை இட்டனர். இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிருந்த கில்பர்ட் ஃபௌலர் என்னும் அறிஞர் 1916ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குப் பேராசிரியராக வந்து பணியாற்றினார்.

இன்றும் உலகின் பெருநகரங்கள் பலவற்றில் இம்முறையே வழங்குகிறது. நிலையத்திற்கு வரும் கழிவுநீர் முதலில் இரும்புக் கம்பித் தடுப்பின் வழியே செல்கிறது. துணி, குச்சி முதலியன அங்கே தங்கிவிடுகின்றன. அடுத்த தொட்டியில் மணல் படிகிறது. அதனையடுத்த அகன்ற தொட்டியில் நீர் அசையாது நிற்க, கனமான அழுக்கு அடியில் இறங்குகிறது. பின்னர்க் காற்றுத் தொட்டியில் நுண்ணுயிர்கள் தம் பணியைத் தொடங்குகின்றன. இறுதித் தொட்டியில் அவை திரண்டு அடியில் படிகின்றன. மேலே நிற்கும் தெளிந்த நீர் கிருமி நீக்கம் பெற்று ஆற்றுக்குச் செல்கிறது. படிந்த கசட்டில் ஒரு பகுதி மீண்டும் காற்றுத் தொட்டிக்கு அனுப்பப்படுகிறது. ஆர்டர்னும் லாக்கெட்டும் தம் பாட்டிலில் கசட்டை நிறுத்தியதும் இதுவும் ஒன்றே.

எண்ணும் கிடைத்தது, இயந்திரமும் கிடைத்தது. இவ்விரண்டால் மட்டும் ஆறுகள் காக்கப்பட்டுவிடவில்லை. 1957ஆம் ஆண்டில் தேம்ஸ் ஆற்றை ஆராய்ந்த இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையார், நகரத்தை ஒட்டிய பகுதியில் ஆறு இறந்துவிட்டது என்றே அறிவித்தனர். நிலையங்கள் பழையனவாயிருந்தன, மக்கள் தொகையோ பெருகிவிட்டது. எழுதி வைத்த வரம்பைக் கட்டாயமாகக் காக்கும் ஏற்பாடு ஒன்று எல்லா நாடுகளுக்கும் தேவையாயிருந்தது.

அத்தகைய ஏற்பாடு ஒன்றை அமெரிக்க ஐக்கிய நாடுகள் வகுத்தன. அதற்குத் தூண்டுகோலாய் அமைந்த நிகழ்ச்சி வியப்பானது. 1969ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், கிளீவ்லாந்து நகரத்தில் கயஹோகா ஆறு தீப்பற்றி எரிந்தது. நீர்மேல் மிதந்த எண்ணெயிலும் குப்பையிலும் தீ மூண்டு, மேலிருந்த இரயில் பாலங்களைத் தாக்கியது. அவ்வாறு அதற்கு முன்பும் பலமுறை எரிந்ததுண்டு. தீயை அணைக்க வேண்டிய நீரே எரியும் நிலை கண்டு நாடு வெட்கியது. 1972ஆம் ஆண்டு அக்டோபரில், குடியரசுத் தலைவர் நிக்ஸன் தந்த மறுப்பையும் மீறி, அந்நாட்டுக் காங்கிரஸ் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது.

இச்சட்டத்தின் அடிப்படை எளியது. அதற்கு முன்னெல்லாம் ஆறு கெட்ட பிறகே, கெடுத்தவர் யாவர் என்று தேடினர். ஒரே ஆற்றில் நூறு குழாய்கள் கலக்கும்போது, குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எளிதன்று. புதிய சட்டமோ ஒவ்வொரு குழாயின் வாயிலும் போய் நின்றது. அனுமதிப் பத்திரம் இன்றி எந்த நகராட்சியும் எந்தத் தொழிற்சாலையும் அந்நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் குழாய்வழியே கழிவுநீரை விடலாகாது என்று விதித்தது. அப்பத்திரம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. எந்தக் குழாய், எந்தெந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பது, எம்முறையில் அளப்பது என்பன யாவும் அதில் எழுதப்பட்டிருக்கும்.

நகரக் கழிவுநீர் நிலையங்களுக்கென வகுத்த பொது வரம்பை ஆராய்ந்தால், சட்டம் இயற்றியோரின் நுண்ணறிவு புலப்படும். ஆக்ஸிஜன் தேவையும் திண்மத் துகள்களும் திங்கள் சராசரியில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. வாரச் சராசரியில் 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. வந்த அழுக்கில் நூற்றுக்கு 85 பங்காவது நீக்கப்படவேண்டும். நீரின் அமில காரத் தன்மையைக் குறிக்கும் எண் 6க்கும் 9க்கும் இடையே நிற்கவேண்டும். ஒன்று போதாதென்று இத்தனை எதற்கு என்று ஒருவர் வினவலாம். ஒவ்வொன்றும் ஒரு பொந்தை அடைப்பதாகும்.

ஒரு நிலையத்தின் ஆக்ஸிஜன் தேவை நான்கு வாரங்களில் முறையே 18, 20, 22, 56 என்று இருந்ததாகக் கொள்க. இவற்றின் சராசரி 29. திங்கள் வரம்புக்கு அது அடங்கியதே. ஆனால் நான்காம் வாரத்தில் ஆற்றில் என்ன நேர்ந்திருக்கும்? மீன்கள் சராசரிக் கணக்கால் உயிர் வாழ்வதில்லை. அந்த ஒரு வாரத்து மூச்சுத் திணறலே அவற்றைக் கொன்றுவிடப் போதும். ஆகையால் வார வரம்பு வேண்டியதாயிற்று. இனி, வேறொரு நிலையத்தார் கழிவுநீரில் நல்ல நீரை ஊற்றிக் கலந்து அளவைக் குறைத்துக் காட்ட முயலலாம். வரும் நீரின் அளவு 200 என்றால், 85 பங்கு நீக்கியபின் 30 நிற்கும். நீர் கலந்து 120 ஆக்கி அனுப்பினால், 85 பங்கு நீக்கியபின் நிற்கவேண்டியது 18. எனவே நீர் கலப்பவர்க்கு வரம்பும் உடன் இறங்கிவிடுகிறது. வஞ்சனையால் பயன் இல்லை. ஆறு சிறியதாயினும், கீழே குடிநீர் எடுக்கும் ஊர் இருப்பினும், இவற்றினும் கடுமையான வரம்புகளை அனுமதிப் பத்திரம் விதிக்கும்.

இவ்வளவையும் நாள்தோறும் காப்பவர்கள் நிலையத்தில் பணியாற்றும் இயக்குநர்களும் ஆய்வுக்கூடத்தாரும் ஆவர். அவர்தம் பணியின் அருமையை ஆக்ஸிஜன் தேவையை அளக்கும் முறையிலிருந்தே அறியலாம். வெளியேறும் நீரிற் சிறிது எடுத்து, ஆக்ஸிஜன் நிறைந்த நீரோடு கலந்து, கண்ணாடிப் புட்டியில் காற்றுக்குமிழி புகாமல் மூடுகின்றனர். அதிலுள்ள ஆக்ஸிஜனை அளந்து குறிக்கின்றனர். பின்னர்ப் புட்டியை 20 டிகிரி வெப்பத்தில் ஐந்து நாள் இருட்டில் வைக்கின்றனர். வெளிச்சம் பட்டால் பாசியினம் ஆக்ஸிஜனை உண்டாக்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். ஆறாம் நாள் மீண்டும் அளந்து, குறைந்தது எவ்வளவு என்று கணக்கிடுகின்றனர். விடை கிடைக்கும்போது, அளந்த அந்த நீர் ஆற்றில் கலந்து ஐந்து நாள் ஆகியிருக்கும். தவறு நேர்ந்திருந்தால் அதனைத் திரும்ப அழைக்க இயலாது.

ஆதலால் தேர்ந்த இயக்குநர் எண்ணுக்காகக் காத்திருப்பதில்லை. காற்றுத் தொட்டியின் நீரை ஒரு லிட்டர் உருளைக் கண்ணாடியில் முகந்து, அரைமணி நேரம் அசையாது வைத்துப் பார்க்கிறார். கசடு திரண்டு விரைவில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நின்றால், நுண்ணுயிர்கள் நலமாயிருக்கின்றன. அது பஞ்சுபோல் பரந்து இறங்க மறுத்தால், நோய் ஏதோ தொடங்கிவிட்டது என்று பொருள். நுரையின் நிறம், தொட்டியின் மணம், உருப்பெருக்கியில் தோன்றும் உயிர்களின் வகை ஆகியவற்றையும் அவர் நோக்குகிறார். நல்ல மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது அவர் செயல்.

வரம்பு மீறும் நிலை பல வழிகளில் நேரலாம். பெருமழை பெய்தால் வெள்ளம் குழாய்களுள் புகுந்து, தொட்டிகளில் உள்ள நுண்ணுயிர்க் கூட்டத்தையே அடித்துச் சென்றுவிடும். வாரக் கணக்கில் வளர்த்த செல்வம் ஓரிரவில் போய்விடும். குளிர் மிகுந்தால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். மின்சாரம் நின்றால் காற்று நிற்கும். காற்று நின்றால் அவை மூச்சின்றி மடியும். தொழிற்சாலை ஒன்று இரவில் அமிலத்தையோ உலோக நஞ்சையோ சாக்கடையில் திறந்துவிட்டால், விடியுமுன் தொட்டி முழுவதும் பிணக்காடாகும். இதனால், தொழிற்சாலைகள் தம் நஞ்சை முதலில் தாமே நீக்கிய பின்னரே நகரக் குழாயில் விடவேண்டும் என்றும் சட்டம் விதிக்கிறது.

இத்தகைய நாளிலேதான் நிலையத்தாரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. கடமை தவறியவன் என்று பெயர் வருமே என்னும் அச்சமும், தண்டத்தொகை கட்ட நேருமே என்னும் கவலையும் ஒருவரைத் தவறான வழியில் இழுக்கலாம். நீர் தெளிந்து வரும் வேளையாகப் பார்த்து மாதிரி எடுக்கலாம். 52 என்று வந்த எண்ணை 25 என்று திருப்பி எழுதலாம். பார்ப்பவர் எவரும் இல்லை. நீருக்கு வாய் இல்லை. ஆனால் அந்தப் பொய்யெண் நேரே கீழூருக்குச் செல்கிறது. கீழூர்க் குடிநீர் நிலையத்தார், மேலே ஆபத்து இல்லை என்று நம்பி, மிகுந்த எச்சரிக்கை கொள்ளாது விட்டுவிடுவர். மேலூரில் எழுதிய ஒரு பொய், கீழூரில் ஒரு குழந்தையின் நோயாக விளையக்கூடும்.

ஆகவே சட்டம் எண்ணைக் காப்பதற்கும் வேலியிட்டது. குறித்த முறையிலேயே மாதிரி எடுத்து அளக்கவேண்டும். குறிப்புகளை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாக்கவேண்டும். அறிக்கையில் பொறுப்புடைய அதிகாரி, இவை உண்மை என்று கையொப்பம் இடவேண்டும். மக்கள் உடல்நலத்திற்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து விளைக்கத்தக்க மீறல் நேர்ந்தால், அதனை அறிந்த 24 மணி நேரத்திற்குள் அரசுக்கு அறிவிக்கவேண்டும். அவ்வறிக்கைகளை மக்களுள் எவரும் கேட்டுப் பார்க்கலாம். வரம்பு மீறுவோர்மேல் குடிமக்களே வழக்குத் தொடரவும் உரிமை உண்டு. வரம்பு மீறுதல் தண்டத்துக்கு உரியது. அறிந்தே பொய் எழுதுதலோ இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றமாகும். உண்மையாக அறிவிக்கப்பட்ட தவறு திருத்தம் பெறும். மறைக்கப்பட்ட தவறு வளர்ந்துகொண்டே போகும்.

இந்தியாவிலும் 1974ஆம் ஆண்டில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மத்தியிலும் மாநிலங்களிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் அமைந்தன. தமிழ்நாட்டு வாரியம் 1982ஆம் ஆண்டில் தோன்றியது. வாரியத்தின் இசைவின்றிக் கழிவுநீரை நீர்நிலையில் விடுதல் கூடாது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு நாட்டின் பொதுத் தரநிலை வகுத்த ஆக்ஸிஜன் தேவையின் வரம்பும் லிட்டருக்கு 30 மில்லிகிராமே. ஆனால் இங்கே புட்டியை 20 டிகிரியில் ஐந்து நாள் வைப்பதில்லை. 27 டிகிரியில் மூன்று நாள் வைக்கின்றனர். வெப்பமான நாட்டில் நுண்ணுயிர்கள் விரைந்து வேலை செய்யும். ஆதலால் அளவுகோல் அந்தந்த நாட்டின் வெயிலுக்கு ஏற்ப அமைந்தது.

வரம்பைக் காத்தால் விளையும் பயன் யாது? தேம்ஸ் ஆறே அதற்குச் சான்றாகும். இறந்த ஆறு என்று 1957ஆம் ஆண்டில் கைவிடப்பட்ட அந்த ஆற்றின் கரையில், கழிவுநீர் நிலையங்கள் புதுக்கி விரிவாக்கப்பட்டன. 1974ஆம் ஆண்டில், ஆற்றங்கரை மின்நிலையம் ஒன்று நீரை உறிஞ்சும் வாயிலில் ஒரு மீன் அகப்பட்டது. அது சால்மன் மீன். தூய நீரிலன்றி வாழாத அம்மீன் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வாற்றில் காணப்படாதிருந்தது. ஃபாரடே வெள்ளைக் காகிதத்தால் அளந்த ஆற்றை, இயற்கை அன்று ஒரு மீனைக்கொண்டு அளந்து காட்டியது.

வயல் வரம்பு பெரும்பாலும் வெள்ளத்தால் உடைவதில்லை. நண்டு குடைந்த சிறு வளை ஒன்றின் வழியே நீர் கசியத் தொடங்கும். கவனியாது விட்டால் விடிவதற்குள் வரம்பே சரிந்துவிடும். அதனாலேயே நல்ல உழவன் நாள்தோறும் வரம்பின்மேல் நடந்து, வளை கண்ட இடத்தை மிதித்து அடைக்கிறான். ஆற்றின் வரம்புக்கும் அத்தகைய காவல் வேண்டும். நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில், எவரும் காணாத வேளையில், கசப்பான எண்ணையும் உள்ளவாறே எழுதும் கை எதுவோ, அக்கையே ஆற்றைக் காக்கும் கையாகும்.

பயிற்சி

1. ஃபாரடே ஆற்று நீரை எவ்வாறு சோதித்தார்? அச்சோதனையால் விளங்கியது யாது?

2. கழிவுநீரை வேறிடத்திற்குக் கொண்டு செல்வதற்கும் தூய்மை செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இலண்டன் வரலாற்றைக்கொண்டு விளக்குக.

3. 8 பங்குக்கு மாறாக 4 பங்கு ஆற்று நீரே இருந்து, அதில் ஆக்ஸிஜன் தேவை 20 உடைய கழிவுநீர் ஒரு பங்கு கலந்தால், கலவையின் ஆக்ஸிஜன் தேவை எவ்வளவு ஆகும்? அதனை ஆறு தாங்குமா?

4. திங்கள் வரம்பு இருக்க, வார வரம்பும் வேண்டப்பட்டது ஏன்?

5. ‘மறைக்கப்பட்ட தவறு வளர்ந்துகொண்டே போகும்’ - இக்கருத்தை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.